பாரீஸில் வெற்றிக் கொண்டாட்ட இரவு: குடும்பத்தோடு வீடு வந்து சேர்வது எப்படி? புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் முத்தியால்பேட்டைப் பக்கம் பிரான்ஸில் உறவு இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், அதற்கு முன்பே சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாகப் போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று நிறையப் பேர் பாரீஸுக்கு வடக்கே சார்செல், கார்ஜ், லா கூர்நேவ் பக்கம் இருக்கிறார்கள். கல்யாணம், சீமந்தம், லீவு என்று நாமும் போய் வருகிறோம். பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை. பெரிய ஃபுட்பால் ஆட்டங்களும் அந்த மாதங்களில்தான்.

2018-இல் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பிரான்ஸ் உலகக் கோப்பை வென்ற இரவில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு பயணம் கிளம்பும் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்டவற்றை, அங்கேயே இருக்கும் நாத்தனாரிடமும் விசாரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நாங்கள் ஃபுட்பால் பார்க்கவே மாட்டோம். எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?

பார்க்காதவர்களுக்குத்தான் இது வேண்டும். ஃபுட்பால் பார்க்கிறவருக்கு இன்று என்ன ஆட்டம், எத்தனை மணிக்கு முடியும், ஜெயித்தால் எந்தத் தெரு நிரம்பும் என்று தெரியும். எங்களுக்கு எதுவும் தெரியாது.

2018 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோவில் பிரான்ஸுக்கும் குரோவேஷியாவுக்கும் இறுதி ஆட்டம், பாரீஸ் நேரம் மாலை 5 மணிக்கு. நாத்தனார் வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்றைக்கு மியூசியத்தில் கூட்டமே இருக்காது, போய் வாங்க" என்று எங்களை அனுப்பி வைத்தார்கள். கூட்டம் இல்லைதான். லூவ்ர் மியூசியத்தை நிதானமாகச் சுற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் துய்லெரி தோட்டத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். 7 மணி நெருங்கும்போது ரிவோலித் தெருப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு ஊரே ஒரே வாயாகக் கத்தினால் எப்படி இருக்கும், அப்படி. புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. பிரான்ஸ் 4-2 என்று ஜெயித்திருந்தது.

பத்து நிமிடத்தில் தெருவில் கார் எதுவும் நகரவில்லை, மனிதர்கள்தான். மெட்ரோ வாசலுக்குப் போனால் இரும்புக் கிராதி இழுத்துச் சாத்தியிருந்தது. நாத்தனார் வீடு இருக்கும் சார்செல்லுக்கு ரயில் ஏற வேண்டிய கார் து நோர் நிலையம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். அதைக் கடக்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் போனது எங்கள் தவறால். அதைக் கீழே சொல்கிறேன்.

எந்தெந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும்?

பிரான்ஸ் அணி உலகக் கோப்பையிலோ யூரோ கோப்பையிலோ காலிறுதியைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு வெற்றியும் தெருவுக்கு வரும். அடுத்தது பாரீஸ் நகர அணி பி.எஸ்.ஜி. ஆடும் சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் அணிகளின் கோப்பை) ஆட்டங்கள். 2025 மே 31 இரவு மியூனிக்கில் இன்டர் மிலனை 5-0 என்று வென்று அந்த அணி முதல்முறையாக அந்தக் கோப்பையை எடுத்தது. அன்றிரவு நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்டோரை போலீஸ் பிடித்தது, இரண்டு உயிர்கள் போயின. பெரும்பாலானவர்கள் பாடி, கட்டிப்பிடித்து, வீட்டுக்குப் போனவர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் கோட்டை விடுவது பிரான்ஸ் சம்பந்தப்படாத ஆட்டங்களில். பாரீஸில் போர்த்துகீசியர், அல்ஜீரியர், மொராக்கோக்காரர் ஏராளம். 2016 யூரோ இறுதியில் சேன் தெனி மைதானத்திலேயே பிரான்ஸை 1-0 என்று போர்த்துகல் வென்றது. அன்றைக்கும் தெருவில் கொண்டாட்டம் உண்டு, கொடிதான் வேறு. 2019 ஜூலை 19 அன்று கெய்ரோவில் அல்ஜீரியா ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்தபோது ஷான்ஸ் எலிசே சாலை பச்சையும் வெள்ளையுமாக நிறைந்தது. 2022 டிசம்பர் 14 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸும் மொராக்கோவும் மோதின. இரண்டு பக்கத்து ரசிகர்களும் ஒரே ஊரில். ஆகவே காலண்டரில் இந்த நாடுகளின் ஆட்டங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளையும் கணக்கில் சேருங்கள். 2018 ஜூலை 16 அன்றும் 2025 ஜூன் 1 அன்றும் வீரர்கள் ஷான்ஸ் எலிசேயில் பஸ்ஸில் பவனி வந்தார்கள். 2022-இல் அர்ஜென்டினாவிடம் தோற்று வந்த அணியைக்கூட அடுத்த நாள் கொன்கோர்த் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள்.

ஜூலை 14 தேசிய தினத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை; இங்கேயே கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே அன்றிரவு ஈஃபில் கோபுரத்தில் 11 மணி அளவில் வாணவேடிக்கை. முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

எந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது?

முதலில் ஷான்ஸ் எலிசே. வெற்றி வளைவிலிருந்து கொன்கோர்த் சதுக்கம் வரை இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1998 ஜூலை 12 அன்று பிரேசிலை 3-0 என்று வென்ற இரவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கூடினார்கள். அன்று தொட்டு ஜெயித்தால் அங்கேதான் போவது என்பது பாரீஸ்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதன் இரண்டு முனைகளையும் பக்கத் தெருக்களையும் விட்டுவிடுங்கள். பஸ்தீல், ரெபுப்ளிக் சதுக்கங்களும் நிறையும். நகரத்துக்குள் பெரிய திரை வைத்திருந்தால் அந்த இடமும்: 2018-இல் ஈஃபில் கோபுரத்துக்குக் கீழே இருக்கும் ஷான் து மார்ஸ் மைதானத்தில் மட்டும் 90,000 பேர் நின்று பார்த்தார்கள்.

ஆட்டம் பாரீஸிலேயே நடந்தால் மைதானத்தைச் சுற்றியும் பார்த்துக்கொள்ளுங்கள். சேன் தெனி பெரிய மைதானம் சார்செல், கார்ஜ் போகும் ரயில் வழியிலேயே இருக்கிறது. நம் குடும்பங்களுக்கு இது முக்கியம். 2022 மே 28 அன்று லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் அங்கே மோதியபோது ஒரு ரயில் தடத்தில் வேலைநிறுத்தம்; கூட்டமெல்லாம் இன்னொரு தடத்து நிலையத்துக்குத் திரும்பி, வாசலில் நெரிசலாகி, கண்ணீர்ப்புகை அடித்து, ஆட்டமே அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத் தொடங்கியது.

ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்கச் சொன்னால் இதைச் சொல்வேன்: ஆட்டம் முடியும் நேரத்தில் நீங்கள் வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். வீடு வடக்கே என்றால், செய்ன் நதிக்குத் தெற்கிலோ ஷான்ஸ் எலிசேவுக்கு மேற்கிலோ அந்த நேரத்தில் நிற்காதீர்கள். பாலத்தையும் சாலையையும் போலீஸ் மறித்துவிட்டால், கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்துக்குப் போக ஒரு மணி நேரம் சுற்ற வேண்டிவரும்.

மெட்ரோ நிலையம் மூடியிருந்தால் என்ன செய்வது?

இங்கேதான் நாங்கள் தவறினோம். துய்லெரி நிலையம் மூடியிருந்ததும் என் கணவர், "கொன்கோர்த் பெரிய ஸ்டேஷன், மூன்று லைன் போகுது, அது திறந்திருக்கும்" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. மேற்கே நடந்தோம். கொண்டாட்டம் போய்ச் சேரும் இடமே அதுதான் என்று எங்களுக்குத் தெரியாது. பெரிய ஸ்டேஷனைத்தான் முதலில் மூடுவார்கள். முக்கால் மணி நேரம் எதிர்நீச்சல் போட்டுவிட்டு, மாமியார் "இனி ஒரு அடி இந்தப் பக்கம் வைக்க மாட்டேன்" என்று நின்ற பிறகுதான் திரும்பினோம்.

மூடிய நிலையத்தின் முன்னால் நின்று யோசிக்காதீர்கள், திறக்கும் என்று காத்திருக்காதீர்கள். கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்த்திசையில் சந்து சந்தாக மூன்று நான்கு நிலையத் தூரம் நடந்துவிட்டு, பிறகு ரயில் ஏறுங்கள். பாரீஸ் மெட்ரோ நிலையங்கள் நெருங்கி நெருங்கி இருப்பவை. பல இடங்களில் அரை கிலோமீட்டர்தான் இடைவெளி. கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு நிலையம் தாண்டிவிடலாம். நாங்கள் கடைசியில் போன வழி: லூவ்ர் தெரு, மோன்மார்த்ர் தெரு, ஃபோபூர் புவாசோனியேர் வழியாக வடக்கே ஏறி கார் து நோர். பெரிய அவென்யூக்களைத் தொடவே இல்லை. ஜன்னலில் நின்று பாத்திரம் தட்டுகிறவர்கள், வாசலில் நாற்காலி போட்டுப் பாடுகிறவர்கள், அவ்வளவுதான். நடக்க இடம் இருந்தது.

ரயிலுக்குள் ஏற்கெனவே இருந்தால்: மூடிய நிலையங்களில் ரயில் நிற்காமல் போகும். ஒன்றாம் லைனில் டிரைவரே கிடையாது, தானாக ஓடுகிறது. இறங்க வேண்டிய நிலையம் கண் முன்னால் இருட்டாகக் கடந்து போனால் பெரியவர்கள் பதறிப்போவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்து திறந்திருக்கும் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். வெளியே போக விடாமல், உள்ளே லைன் மாற மட்டும் விடும் நிலையங்களும் உண்டு. எது மூடியிருக்கிறது என்பதை மெட்ரோவின் ஆப் காட்டும். கிளம்பும் முன் காலையிலேயே போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இறக்க நெட் வராது.

டாக்சி, ஊபர் பிடித்துப் போய்விடலாமே?

முடியாது. கார் வரவே வழியில்லை. காட்டும் நேரம் ஏறிக்கொண்டே போகும், கட்டணமும் ஏறும், கடைசியில் டிரைவர் ரத்து செய்வார். நகரத்தைச் சுற்றி ஓடும் பெரிஃபெரிக் நெடுஞ்சாலையில்கூட 2025-இல் ரசிகர்கள் இறங்கி வண்டிகளை நிறுத்தினார்கள். கார்தான் வேண்டும் என்றால் முதலில் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் விலகி நடந்து, அமைதியான தெருவில் நின்று கூப்பிடுங்கள். உறவுக்காரர் "நான் வந்து கூட்டிப் போறேன்" என்று நகரத்துக்குள் காரை எடுத்து வரச் சம்மதிக்காதீர்கள். அவரும் மாட்டிக்கொள்வார்.

வயதானவர்கள் கூட இருந்தால்?

பாரீஸ் மெட்ரோ பழையது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிதான். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உள்ள லைன் பதினான்காவது. பஸ்ஸில் ஏறுவது சுலபம், ஆனால் கொண்டாட்ட இரவில் பஸ்தான் முதலில் வழி மாறும். ஆக, முட்டி வலி உள்ளவரை வைத்துக்கொண்டு வேகமாகப் போய்ச் சேர முயல்வதைவிட, உட்கார இடம் பார்த்து இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்புவது மேல். பக்கத் தெருவில் ஒரு கஃபே, ஹோட்டல் வரவேற்பறை, எதுவானாலும் சரி. ஆளுக்கு ஒரு காபி வாங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

எங்கள் மாமியாருக்கு அப்போது 68 வயது. ஃபோபூர் புவாசோனியேரில் பாதி ஏற்றத்தில் ஒரு ரொட்டிக் கடை வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைக்கார அம்மா வெளியே வந்தார். எழுந்து போகச் சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். சின்ன வயதில் புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எங்கிருந்துதான் வந்ததோ, மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்து, "ழ சுய் ஃபத்திகே, மதாம்" என்றார். களைத்துப் போனேன் அம்மா என்று அர்த்தம். அந்த அம்மா உள்ளே போய் மர நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். ஒரு கிளாஸ் தண்ணீர், என் பையனுக்கு ஒரு வெண்ணெய் ரொட்டி. காசு வாங்கவில்லை. கையை நெஞ்சில் வைத்து, தொலைவில் கேட்கும் கூச்சலைக் காட்டிச் சிரித்தார். அரை மணி நேரம் அங்கே இருந்தோம். வெற்றிக் கோப்பையைப் பற்றி யார் பேசினாலும் என் மாமியார் இன்றைக்கும் அந்த நாற்காலியைப் பற்றித்தான் பேசுவார்.

மருந்து, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பிட ஏதாவது, தண்ணீர் பாட்டில்: ஒரு வேளைக்கு அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அங்கே இருட்ட 10 மணி ஆகும்; வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

பிள்ளைகள் தொலைந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கும், ஆடித் தேருக்கு வீராம்பட்டினத்துக்கும் பிள்ளையைத் தூக்கிப் போன பழக்கம் நமக்கு உண்டு. அதே புத்திதான். ஆனால் அங்கே "இது யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்டு அடையாளம் கண்டுபிடிக்க ஆள் இல்லை, மொழியும் இல்லை.

காலையில் கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைய உடையில் முழு உருவமாக ஒரு போட்டோ எடுங்கள். அங்கேயே வசிக்கும் உறவுக்காரரின் எண்ணை, முன்னால் பிரான்ஸின் 33 சேர்த்து, பிள்ளையின் முன்கையில் எழுதுங்கள். சாதாரணப் பேனா வேண்டாம். நான் நீலப் பேனாவால் மணிக்கட்டில் எழுதியிருந்தேன்; வெயிலில் வேர்த்து, கைப்பிடியில் தேய்ந்து, மாலையில் பார்த்தால் ஆறு இலக்கம்தான் மிச்சம். அழியாத மார்க்கர் வேண்டும், முழங்கைப் பக்கம் எழுத வேண்டும். துண்டுச்சீட்டில் ஒன்று எழுதி நிஜார்ப் பையிலும் வையுங்கள்.

பிள்ளைக்கு ஒரே ஒரு பாடம் போதும்: "எங்களைக் காணோம் என்றால் தேடி ஓடாதே. நின்ற இடத்தில் சுவர் ஓரமாக நில். பிள்ளையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ, கடையில் கல்லாவில் இருப்பவரிடமோ கையைக் காட்டு." வழியில் இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் போக முடியுமானால் விட்டுவிடுங்கள். கூட்டத்தில் அது முன்னாலும் போகாது பின்னாலும் வராது. துப்பட்டாவிலோ தூளியிலோ நெஞ்சோடு கட்டிக்கொள்வதுதான் சரி. பெரியவர் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். யார் எந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் பையன் இருபது நிமிடம் காணாமல் போனதற்குக் காரணம், அவன் அப்பாவோடு இருக்கிறான் என்று நானும், அம்மாவோடு இருக்கிறான் என்று அவரும் நினைத்ததுதான். முந்தின நிலையத்தின் பூட்டிய வாசலில், கிராதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாமல் நின்றான். பக்கத்தில் முகத்தில் நீலம் வெள்ளை சிவப்பு பூசிய ஒரு இளைஞன், தோளில் கொடியோடு, குந்தி உட்கார்ந்து அவனுக்குக் காவல் இருந்தான்.

நெரிசலில் மாட்டிக்கொண்டால்?

2025 ஜூன் 4-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் வெற்றி விழா பார்க்கப் போன 11 பேர் செத்துப்போனார்கள். பாரீஸில் பி.எஸ்.ஜி. பவனி நடந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நெரிசலில் பெரும்பாலும் மிதிபட்டு உயிர் போவதில்லை. நான்கு பக்கமும் நெஞ்சை அழுத்தி, மூச்சு இழுக்க முடியாமல் நின்றபடியே போகிறது. அதனால் ஓடுகிற கூட்டத்தைவிட, நகராமல் இறுகி நிற்கிற கூட்டத்துக்குப் பயப்படுங்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் நான்கைந்து பேருக்கு மேல் நிற்கிறார்கள் என்றால் கிளம்ப வேண்டிய நேரம். கையைத் தூக்கி உங்கள் முகத்தைத் தொட முடியவில்லை என்றால் தாமதமாகிவிட்டது. அப்போது இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். அலை தள்ளும்போது எதிர்க்காதீர்கள். அலை ஓயும் நொடியில் பக்கவாட்டில், சாய்வாக ஓரம் நோக்கி நகருங்கள். பிள்ளையை உயர்த்தி நெஞ்சோடு அணையுங்கள். செருப்பு, போன், பை எது விழுந்தாலும் குனியாதீர்கள். சுவர், கடைக் கதவு, மெட்ரோ வாசல் கிராதி இவற்றில் முதுகு படும்படி நிற்காதீர்கள். கூட்டம் நசுக்குவது அங்கேதான்.

கண்ணீர்ப்புகை அடித்தால்?

இரவு ஏற ஏற, சில இடங்களில் அடிப்பார்கள். காற்று எதிர்ப்பட்டு வரும் பக்கமாக, திறந்த வெளிக்கு நடந்து விலகுங்கள். ஓட வேண்டாம், ஓடினால் மூச்சு அதிகம் இழுப்பீர்கள். கண்ணைத் தேய்க்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எரிகிறதே என்று தேங்காய் எண்ணெய், கிரீம் எதுவும் தடவாதீர்கள். அது தோலில் புகையின் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல காற்றில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் குறையும். ஆஸ்துமா உள்ளவர் பம்ப்பைப் பையின் அடியில் வைக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும்; மூச்சுத் திணறல் நிற்கவில்லை என்றால் 112 அழையுங்கள், அது ஐரோப்பா முழுக்க அவசர எண். ஆம்புலன்ஸுக்கு 15, போலீஸுக்கு 17.

பட்டாசு பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தீபாவளிப் பழக்கத்தில் பட்டாசுச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். அங்கே சிலர் அதை வானத்துக்கு விடாமல் நேராகப் பாயவிடுவார்கள். கையில் பிடித்து ஆட்டும் சிவப்பு நெருப்புக் குழாய் ஆயிரம் டிகிரிக்கும் மேல் எரியக் கூடியது. நைலான் புடவை, பாலியஸ்டர் சுடிதாரோடு அதன் பக்கம் நிற்க வேண்டாம்.

நகை, பாஸ்போர்ட் எல்லாம்?

கல்யாணத்துக்கு எடுத்துப் போன நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தாலிச் சரடை உள்ளே விட்டுப் பின் குத்திக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கூடவே இருக்க வேண்டும். வெளிநாட்டவரிடம் போலீஸ் கேட்டால் காட்டியாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். உடைக்குள் கட்டும் துணிப்பையில் வையுங்கள். அன்றைய தினம் எந்த அணியின் பனியனையும் போடாமல் போவது எளிது.

கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

மெட்ரோ வழக்கமாக நள்ளிரவு தாண்டி 1.15 வரை, வெள்ளி, சனி இரவுகளில் 2.15 வரை ஓடும். இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் 11-க்குள் முடியும். கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் நள்ளிரவை நெருங்கிவிடும். அதன் பிறகு புறநகர் ரயிலுக்கு நேரம் மிகக் குறைவு. விட்டுவிட்டால் நொக்திலியன் என்ற இரவு பஸ்கள் உண்டு, கார் து லெஸ்த், ஷாத்லே, சேன் லசார் போன்ற இடங்களிலிருந்து. குடும்பத்தோடு அதை நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் தெரிந்தவர் வீடு இருந்தால் அன்றிரவு அங்கேயே படுத்துவிட்டுக் காலையில் போவது உத்தமம். கார் து நோரிலிருந்து நடந்தே போகலாம், சோறும் கிடைக்கும்.

அன்றைக்கே சென்னைக்கு விமானம் இருந்தால்?

ஆட்டம் தொடங்கும் முன்பே விமான நிலையத்துக்குள் போய்விடுங்கள். ஷார்ல் து கோல் விமான நிலையம் போகும் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் சேன் தெனி மைதானத்தின் வழியேதான் போகிறது. கார் து நோரிலிருந்து நேராகப் போகும் ரயில் என்றால் சாதாரண நாளில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அன்றைக்கு அது சாதாரண நாள் இல்லை. நான்கு பெட்டியோடு நடைமேடையில் நிற்பதைவிட, விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ நிம்மதி.

என்ன பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும்?

நம் தெருப் பலகைகளில் 'ரூ' என்று படித்தவர்களுக்கு வாய் வரும். வழி விடச் சொல்ல "பர்தோன்". பலகையில் "ஃபெர்மே" என்றால் மூடியது, "சோர்த்தி" என்றால் வெளியே போகும் வழி. ரயில் நிலையம் எங்கே என்று கேட்க "ஊ எ லா கார்?" மகனைக் காணவில்லை என்றால் "ஜே பெர்துய் மோன் ஃபீஸ்", மகள் என்றால் "மா ஃபீய்". எதைக் கேட்பதற்கு முன்னும் "பொன்ழூர்" சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், மாலை என்றால் "பொன்சுவார்". அதைச் சொல்லாமல் கேட்டால் முகம் சுருங்கும், சொன்னால் நின்று பதில் சொல்வார்கள்.

அப்படியானால் கொண்டாட்டத்தைப் பார்க்கவே கூடாதா?

பாருங்கள், ஆசையாகப் பாருங்கள். ஒரு நாடே சந்தோஷத்தில் தெருவுக்கு வருவது வாழ்க்கையில் எத்தனை தடவை காணக் கிடைக்கும்? ஆனால் ஷான்ஸ் எலிசே வேண்டாம். உறவுக்காரர் இருக்கும் ஊரிலேயே, மெரி (நகராட்சி அலுவலகம்) முன்னால், கஃபே வாசலில் பாருங்கள். அங்கே எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பிள்ளைகள் சைக்கிளில் கொடி கட்டிச் சுற்றுவார்கள். நாங்கள் சார்செல் வந்து இறங்கியபோது இரவு பத்தரை. ரயிலடியில் ஆப்பிரிக்கப் பெண்கள் தாளம் தட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். களைத்துக் கிடந்த என் மகளை ஒருத்தி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், கன்னத்தில் மூன்று வண்ணம் பூசிவிட்டாள். மகள் ஆடியதை என் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது?

கோடையில் பாரீஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அங்கே இரவு 11 என்றால் இங்கே விடிகாலை 2.30. டிவியில் எரியும் காரைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். வீட்டில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். வீடியோ கால் போட முயலாதீர்கள், லட்சம் பேர் ஒரே இடத்தில் படம் அனுப்பும்போது லைன் கிடைக்காது, சார்ஜும் போய்விடும். சாதாரண எஸ்.எம்.எஸ். போகும். மாலையிலேயே ஒன்று, "கூட்டம் இருக்கு, நடந்து போறோம், எல்லாரும் சேர்ந்து இருக்கோம்" என்று. வீட்டுக்குள் கால் வைத்ததும் இன்னொன்று. நான் முதலாவதை அனுப்பாமல் விட்டுவிட்டேன். நாத்தனார் வீட்டுக் கதவு திறந்ததும் முத்தியால்பேட்டைக்குப் போன் போட்டேன். இங்கே மணி இரண்டேகால். முதல் ரிங்கிலேயே மாமனார் எடுத்தார். "அவ கால் எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்டார்.